வேலை செய்துகொண்டே நிறுவன நடத்தையும் தலைமைத்துவமும் படிப்பது எப்படி?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் உதவி முகாமையாளராக இருக்கிறேன். வெளிவாரியாக வணிக முகாமைத்துவம் படிக்கிறேன். வேலையிடத்தில் ஆட்கள் ஏன் எப்படி நடக்கிறார்கள் என்று பார்க்கும் நிறுவன நடத்தைப் பாடத்தில் கோட்பாடுகள் எல்லாம் குழம்புகின்றன. என்னைவிட வயதில் மூத்த களஞ்சியப் பொறுப்பாளர் இருப்புக் கணக்கைக் கொம்பியூட்டரில் ஏற்றாமல் இழுத்தடிக்கிறார். இந்தப் படிப்பு இதற்கு உதவுமா?

பதில்: உதவும். ஆனால் ரியூட்டில் உள்ள ஒழுங்கில் மாஸ்லோவின் தேவைப் படிநிலையில் தொடங்கி ஒவ்வொரு பெயராகப் பாடமாக்கினால் உதவாது. அந்தக் களஞ்சியப் பொறுப்பாளரை வைத்தே படியுங்கள்.

முதலில் நடந்ததை மட்டும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். "அண்ணைக்கு அக்கறை இல்லை" என்பது தீர்ப்பு. "வெள்ளி பின்னேரம் இறங்கிய அரிசி மூடைகள் புதன்வரை கொம்பியூட்டரில் இல்லை, புத்தகத்தில் அன்றைக்கே பதிந்திருக்கிறது" என்பதுதான் நடத்தை. புத்தகத்தில் அன்றே பதிகிறவரைச் சோம்பேறி என்று சொல்ல முடியாதே. இந்த இடத்தில் உளவியலாளர் கெலி 1967இல் வைத்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மற்றவர்களும் பிந்துகிறார்களா? இவர் இந்த வேலையில் மட்டும் பிந்துகிறாரா? எப்போதும் இப்படியா? இவர் மட்டும், எல்லா வேலையிலும், எப்போதும் என்றால் காரணம் ஆளிடம். மற்றவர்களும், இதில் மட்டும், எப்போதும் என்றால் காரணம் மென்பொருளில் அல்லது பயிற்சியில்.

அடுத்தது வ்ரூமின் எதிர்பார்ப்புக் கோட்பாடு (1964). பாஸ்பேப்பருக்கு மனப்பாடம் செய்கிறவர்கள் இதில் தவறவிடுவது பெருக்கலைத்தான். முயன்றால் செய்ய முடியும் என்ற நம்பிக்கை, செய்தால் பலன் வரும் என்ற நம்பிக்கை, அந்தப் பலன்மீதுள்ள விருப்பம் ஆகிய மூன்றும் பெருக்கப்பட்டே ஒருவரின் ஊக்கம் வருகிறது, கூட்டப்படுவதில்லை. உதாரணமாக 0.1 × 0.8 × 0.9 = 0.072. ஊக்கத்தொகையைக் கூட்டி விருப்பத்தை 1 ஆக்கினாலும் 0.08தான். பழக்கிவிட்டு முதல் எண்ணை 0.5 ஆக்கினால் 0.36. இந்த எண்கள் விளக்கத்துக்கு மட்டுமே; ஆளை இப்படி அளந்துவிட முடியாது. ஆனால் எந்த எண் மிகச் சிறியதோ அதிலேயே கைவைக்க வேண்டும் என்பது விளங்கும். மென்பொருளில் "சிவப்பரிசி" என்று ஒரே வரி இருக்க, அவருடைய புத்தகத்தில் மொட்டைக்கறுப்பன் வேறு, ஆட்டக்காரி வேறு என்றிருந்தால், அவர் எங்கே பதிவார்? அங்கே தடைப்படுகிறவருக்குப் போனஸ் பற்றிக் கதைத்துப் பயனில்லை.

தலைமைத்துவப் பகுதியில் ஹேர்சி, பிளான்சார்ட் சொன்ன நான்கு பாணிகள் வரும்: பணித்தல், விளக்கி இணங்கவைத்தல், பங்கேற்கவைத்தல், ஒப்படைத்தல். பலரும் ஆளுக்கு ஒரு பாணி என்று ஒட்டிவிடுகிறார்கள். பாணி வேலையைப் பொறுத்தது. அரிசியின் தரம் பார்ப்பதை அவரிடம் ஒப்படையுங்கள். கொம்பியூட்டரில் அவருக்குப் படிப்படியான வழிகாட்டல் வேண்டும். (இந்த மாதிரிக்கு ஆய்வு ஆதாரம் பலவீனம். விடையில் அதையும் எழுதினால் விமர்சனப் பகுதிக்குப் புள்ளி கிடைக்கும்.)

வயதுதான் இதில் உண்மையான சிக்கல். பிரெஞ்ச், ரேவன் 1959இல் பிரித்த ஐந்து அதிகாரங்களில் உங்களிடம் இருப்பது பதவி அதிகாரம். நிபுணத்துவமும் மரியாதையால் வரும் செல்வாக்கும் அவரிடம். பெடியள் முன்னால் கட்டளையிட்டால் "சரி" என்பார், வேலை நடக்காது. கடை பூட்டியபின் அரை மணித்தியாலம் பக்கத்தில் இருங்கள். முதல் வாரம் அவர் வாசிக்க நீங்கள் கொம்பியூட்டரில் அடியுங்கள். அடுத்த வாரம் மாறுங்கள். பொருள்களுக்குப் பெயரும் குறியீடும் வைக்கும் வேலையை அவரிடமே கேளுங்கள். பதிவு எத்தனை நாள் பிந்துகிறது என்பதை வாராவாரம் குறியுங்கள். குறையவில்லை என்றால் உங்கள் காரணம் பிழை, திரும்பவும் மூன்று கேள்விகளுக்குப் போக வேண்டும்.

பரீட்சைக்கு ஒன்று. உளவியலாளர் ஹேர்ஸ்பேர்க்கின்படி அதிருப்தியின் எதிர்ப்பக்கம் திருப்தி அல்ல, அதிருப்தி இல்லாத நிலை. சம்பளம் கூட்டினால் முணுமுணுப்புக் குறையலாம். ஈடுபாடு அதனால் வராது. மாஸ்லோவின் தேவை முக்கோணத்தை வர்ணம் தீட்டிக் கீறி நேரத்தைக் கெடுக்காதீர்கள். அவருடைய 1943ஆம் ஆண்டுக் கட்டுரையில் அந்தப் படமே கிடையாது.