மின் டெண்டருக்கு மாறும் முன்: டோக்கன் யார் கையில்?

கேள்வி: கூட்டுறவு நிறுவனம் ஒன்றில் கொள்முதல் பிரிவைப் பார்க்கிறேன். அடுத்த மாதத்திலிருந்து டெண்டர்களை ஆன்லைனில்தான் விட வேண்டும் என்கிறார்கள். இரண்டு கம்ப்யூட்டர், புது இணைய இணைப்பு வந்தாயிற்று, ஒரு நாள் பயிற்சியும் முடிந்தது. நாங்கள் தயாரா?

பதில்: இன்னும் இல்லை. நீங்கள் சொன்னதெல்லாம் காசு கொடுத்தால் வருவது. எனக்குத் தெரிய வேண்டியது, உங்கள் அலுவலகத்தில் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் (ஒருவரின் மின் கையெழுத்துச் சான்றிதழும் அதன் சாவியும் உள்ள, பென் டிரைவ் போன்ற கருவி) யார் யாரிடம் இருக்கிறது என்பதுதான்.

தமிழ்நாடு அரசின் டெண்டர் தளம் மத்திய அரசின் தேசிய தகவலியல் மையமான என்.ஐ.சி.யின் ஜெப்நிக் என்ற மின் டெண்டர் மென்பொருளில் ஓடுகிறது. அதில் ஒப்பந்ததாரர் விலை போடும்போதே, டெண்டர் திறக்க நீங்கள் நியமித்த அதிகாரிகளின் சாவியால் அது பூட்டப்பட்டுவிடும். திறக்க அவர்களில் 2 பேராவது தங்கள் டோக்கனோடு வர வேண்டும். நான் பார்த்த ஓர் அலுவலகத்தில் 2 பேரை மட்டும் போட்டிருந்தார்கள். ஒருவர் மாறுதலில் போய்விட்டார், இன்னொருவரின் டோக்கன் தவறான பின் எண்ணைத் திரும்பத் திரும்ப அடித்ததில் லாக் ஆகிவிட்டது. வந்த டெண்டரைத் திறக்கவே முடியாமல் ரத்து செய்து மறுபடி விட்டார்கள். அதனால் 4 பேரை நியமியுங்கள், 2 பேர் வந்தால் போதும். மாறுதல் உத்தரவு வந்தால், அவர் பெயரில் திறக்க வேண்டிய டெண்டர் ஏதாவது நிலுவையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பொறுப்பு ஒப்படைப்பு. சான்றிதழ் காலாவதி ஆகும் தேதியையும் சுவரில் எழுதி வையுங்கள். பழைய டோக்கனை அழித்துப் புதுச் சான்றிதழ் ஏற்றிவிட்டால், பழைய சாவியால் பூட்டியது திறக்காது.

இன்னொன்று. டோக்கனைக் கவரில் போட்டு, பின் எண்ணை மேலே எழுதி, உதவியாளர் மேசை டிராயரில் வைப்பது பல இடங்களில் நடக்கிறது. தயவுசெய்து வேண்டாம், அது அந்த அதிகாரியின் கையெழுத்து.

அப்புறம் விலைப்பட்டியல் கோப்பு. காகித டெண்டரில் ஒரு தவறு இருந்தால் யாராவது கவனித்துக் கேட்பார்கள். இங்கே நீங்கள் ஏற்றிய எக்செல் கோப்பை வைத்தே ஒப்பீட்டுப் பட்டியல் தானாக வந்துவிடும். 200 ரீம் பேப்பர் வாங்க வேண்டிய இடத்தில் அலகு 'பெட்டி' என்று இருந்தால், ஒருவர் ரீமுக்கு விலை போடுவார், ஒருவர் பெட்டிக்குப் போடுவார், யார் குறைவு என்று எப்படிச் சொல்வீர்கள்? மதிப்பீடு தயாரிப்பவர், கோப்பு ஏற்றுபவர், சரிபார்ப்பவர் மூவரும் தனித்தனி ஆளாக இருக்கட்டும். 1998ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டமும் 2000ஆம் ஆண்டு விதிகளும் இங்கேயும் பொருந்தும், தளம் மாறியதால் உங்கள் கோப்புக் குறிப்பு குறையாது.

உங்கள் சப்ளையர்களையும் மறக்காதீர்கள். வருடக்கணக்காக உங்களுக்கு ஸ்டேஷனரி கொடுக்கும் சின்னக் கடைக்காரருக்கு கிளாஸ் 3 டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்பதே தெரிந்திருக்காது. கடைசி நாள் மூன்று மணிக்கு முடிகிற டெண்டருக்கு 2:55க்கு உட்காருவார், சர்வர் நேரம் தாண்டினால் ஏற்காது. விலைப்பட்டியல் கோப்பின் பெயரை மாற்றினால் தளம் வாங்காது. அதனால் அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, என்.ஐ.சி.யின் டெமோ தளத்தில் ஒரு டெண்டரை முழுக்கச் செய்து காட்டுங்கள். அதே டெமோவில் உங்கள் 4 பேரும் தங்கள் சொந்த டோக்கனால் திறந்து பார்க்கட்டும். திறந்ததா? சரி, முதல் உண்மையான டெண்டராகச் சின்ன வேலை ஒன்றை விடுங்கள்.