பொண்ணு ஸ்டெம் செல், ஜீன் எடிட்டிங்னு படிக்கணும்னு சொல்றா, பின்னாடி வேலை கிடைக்குமான்னு பயமா இருக்கு, எந்த கோர்ஸ்ல சேக்குறது?

உங்க பயம் புரியுதும்மா, ஆனா அதுக்காக ஜீன் எடிட்டிங்னு பேர் போட்ட டிகிரியா தேடி ஓடாதீங்க. கிரிஸ்பர் வச்சு ஜீனை வெட்ட இப்போ நிறைய பேர் கத்துக்கிறாங்க, எதை வெட்டணும், வெட்டினா உடம்பு என்ன பண்ணும்னு தெரிஞ்சவங்கதான் கம்மி, அதுக்கு இம்யூனாலஜி, அதாவது உடம்போட நோய் எதிர்ப்பு பத்தின படிப்பு, ஸ்ட்ராங்கா இருக்கணும்.

ஏன்னா பாருங்க, அடுத்தவங்க செல்லை உள்ள வச்சா அது மேல அடையாள அட்டை மாதிரி இருக்கிற எச்எல்ஏ புரதத்தைப் பாத்துதான் நம்ம நோய் எதிர்ப்புப் படைல இருக்கிற டி செல் அடிக்க வருது. பி2எம், சிஐஐடிஏ ரெண்டு ஜீனையும் ஆஃப் பண்ணா எச்எல்ஏ போயிடும், டி செல் கண்டுக்காது, ஆனா எச்எல்ஏ இல்லாத செல்லைக் கொல்றதுதானே அதே படைல இருக்கிற என்கே செல்லோட வேலையே, அதனால ‘என்னைத் தொடாதே’ன்னு சிக்னல் குடுக்கிற சிடி47 புரதத்தை அதிகமா வர வைக்கிறாங்க. 2025-ல ஸ்வீடன்ல டைப் 1 சுகர் இருக்கிற ஒருத்தருக்கு இந்த மூணு மாத்தமும் பண்ணின கணையச் செல்லை கை தசைல வச்ச ரிசல்ட் வந்துச்சு, இம்யூனிட்டியை அடக்குற மருந்தே குடுக்கல, செல் உயிரோட இருந்து இன்சுலின் சுரந்துச்சு. அளவு கொஞ்சம்தான், ஊசி நிக்கல. அதுவும் டோனர்கிட்ட எடுத்த செல், இதையே வேற செல்லா மாறக்கூடிய ஸ்டெம் செல்லுல இருந்து வேண்டிய அளவு செஞ்சு குடுக்கிறதுதான் பெரிய வேலை, உங்க பொண்ணு படிச்சு முடிச்சு வரும்போதும் அங்க ஆள் தேவைப்படும்னு நான் நம்புறேன்.

டிகிரி பயோடெக்கோ லைஃப் சயின்ஸோ எதுவா இருந்தாலும் ஓகே, மாஸ்டர்ஸ்ல இம்யூனாலஜி எடுக்கட்டும். சொந்தமா ரிசர்ச் பண்ணணும்னா பெரும்பாலும் பிஎச்டி வேணும், எல்லாம் சேத்து பத்து வருஷம் கிட்ட ஆகும், இதை இப்பவே வீட்ல உக்காந்து பேசிடுங்க. அவ்ளோ நாள் முடியாதுன்னா செல் தயாரிக்கிற கம்பெனில ப்ரொடக்‌ஷன், குவாலிட்டி கன்ட்ரோல், ரெகுலேட்டரி வேலை இருக்கு, மாஸ்டர்ஸே போதும். குறிப்பா சேஃப்டி டெஸ்டிங், ஏன்னா இம்யூனிட்டி கண்ணுக்கே தெரியாத செல் நாளைக்கு கேன்சரா மாறினா யாரு புடிக்கிறது, அதுக்குன்னே அந்தச் செல்லை அழிக்கிற ஸ்விட்ச் ஜீனையும் சேத்து வைக்கப் பாக்குறாங்க.

ஒண்ணு மட்டும் அவகிட்ட நேராவே கேளுங்க, லேப்ல கையால வேலை செய்யப் புடிக்குமான்னு. இந்தச் செல்லுக்கெல்லாம் பெரும்பாலும் தினமும் மீடியா, அதாவது செல் வளர்ற சத்து திரவம், மாத்தணும், ஞாயித்துக்கிழமையும்தான். எச்எல்ஏ நிஜமாவே போச்சான்னு பாக்க எச்எல்ஏவை ஏத்திவிடுற இன்டர்ஃபெரான் காமா புரதத்தை ஊத்தி வேணும்னே தூண்டிவிட்டு, அப்புறம் செல் ஒவ்வொண்ணா லேசர்ல பாக்குற ஃப்ளோ சைட்டோமெட்ரில ஓட்டணும், கொஞ்சம் சிக்னல் தெரிஞ்சாலும் திரும்ப முதல்ல இருந்துதான். டிகிரி முடியறதுக்குள்ள லீவுல ஒரு செல் கல்ச்சர் லேப்ல இன்டர்ன்ஷிப் போகட்டும், அதுக்கப்புறம் மாஸ்டர்ஸ் அப்ளிகேஷன் போடலாம்.