கண்ணாடிக்கு நிறம் கொடுப்பது எது? கேள்வி பதில்

(கிருஷ்ணகிரி, தருமபுரி நண்பர்கள் கேட்டவை. பதில் சொல்பவர் கண்ணாடி உலையில் வேலை பார்த்தவர்.)

காவேரிப்பட்டணத்திலிருந்து: அண்ணே, தென்பெண்ணை மணலை உருக்கினா வெள்ளைக் கண்ணாடி வருமா?

வராதுங்க, பச்சைதான் வரும். காந்தத்தைத் துணியில் சுற்றிக் காய்ந்த மணலில் இழுத்துப் பாருங்க, கருப்புப் பொடி மீசை மாதிரி ஒட்டிக்கிட்டு வரும். அது மேக்னடைட், இரும்பு ஆக்ஸைடு. பச்சை நிறம் அந்த இரும்பாலதான். நிறமில்லாத பாட்டிலுக்கு எடுக்கிற மணலில் இரும்பு ஆக்ஸைடு சுமார் 0.03 சதவீதத்தைத் தாண்டக்கூடாது.

தருமபுரி, கண்ணாடிக் கடை வைத்திருப்பவர்: வெள்ளைக் கண்ணாடியை அறுத்தா ஓரம் மட்டும் ஏங்க பச்சையா தெரியுது?

அதுவும் இரும்புதான். நேராகப் பார்க்கையில் ஒளி 5 மி.மீ. கண்ணாடியைத்தான் கடக்குது. ஓரத்தில் பார்க்கையில் பலகையின் நீளத்துக்குள்ளேயே ஓடி வருது. இரும்பு குறைத்த கண்ணாடியின் ஓரத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்க, வித்தியாசம் உடனே தெரியும்.

பாலக்கோடு, கல்லூரி மாணவி: சார், இருமல் மருந்து பாட்டில் பழுப்பா இருக்கே, அதுல எந்த உலோகம்?

அங்கேயும் இரும்புதாம்மா! எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. நிறத்தை உலோகம் மட்டும் முடிவு செய்யாது, உலையில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்பதும் சேர்ந்துதான் முடிவு செய்யும். ஆக்ஸிஜன் குறைந்தால் இரும்பு Fe²⁺ (இரண்டு எலக்ட்ரான் இழந்த இரும்பு) ஆகி நீலப்பச்சை காட்டும். தாராளமாகக் கிடைத்தால் Fe³⁺ (மூன்று இழந்தது) ஆகி லேசான மஞ்சள். பழுப்புக்கு இரும்போடு கந்தகமும் கரியும் சேர்ப்பார்கள். Fe³⁺ கந்தகத்தோடு பிணைந்ததும் நீல ஒளியையும் புற ஊதாவையும் விழுங்கிடும். மருந்து வெளிச்சத்தில் கெடாமல் இருக்க அதுதான் காவல். செம்பும் இப்படியே: ஆக்ஸிஜன் இருந்தால் மயில்நீலம், இல்லாவிட்டால் நுண்துகளாகப் பிரிந்து ரத்தச் சிவப்பு.

அரூர், வளையல் வியாபாரி: கருநீல வளையலுக்கு நிறைய நிற மருந்து போடணுமாங்க?

வேண்டாங்க. கோபால்ட் ஆக்ஸைடு நூறு கிலோ கண்ணாடிக்கு நூறு கிராம் போட்டாலே நல்ல கருநீலம். கூடிப்போனால் கருப்பாகத் தெரியும். வளையலை வாங்குமுன் உடைந்த துண்டு ஒன்றைக் கேளுங்க. முறிந்த முகம் உள்வரை நீலமாக இருந்தால் உலையிலேயே ஏறிய நிறம். மேலோடு மட்டும் நீலம் என்றால் பூச்சு, நாளாக உரியும்.

கிருஷ்ணகிரி, பழைய சாமான் சேர்ப்பவர்: பாட்டி காலத்து ஜாடி வெயிலில் இருந்தே ஊதாவாயிடுச்சு, சாயமா?

சாயமில்லைங்க, மாங்கனீஸ். இரும்பின் பச்சையைப் போக்க அதைச் சேர்த்திருப்பார்கள். வெயிலின் புற ஊதா வருடக்கணக்கில் பட்டால் அது Mn³⁺ ஆகி ஊதா காட்டும். சூளையில் நன்றாகச் சூடாக்கினால் நிறம் போய்விடும். ஆனா ஜாடி விரிசல் விடலாம், அப்படியே விட்டுடுங்க.