வாசகர் கேள்வி-பதில்: ஜுராவின் சின்னத் திராட்சைத் தோட்டங்கள்

கே: போர்தோ, பர்கண்டி இரண்டும் பார்த்துவிட்டோம். பிரான்ஸில் கூட்டம் இல்லாத ஒயின் பகுதி எது? கையில் மூன்று நாளும் ஒரு காரும் இருக்கிறது. (லா கூர்நேவ் வாசகர்)

ஜுராவுக்குப் போங்கள். பர்கண்டிக்குக் கிழக்கே, சுவிஸ் எல்லைக்கு முன்னால் இருக்கும் மலைச்சரிவு அது. 19ஆம் நூற்றாண்டில் ஏறத்தாழ 20,000 ஹெக்டேர் திராட்சை இருந்த இடம். ஃபிலோக்ஸெரா பூச்சி வந்து கொடிகளின் வேரை அழித்தது. இன்று மிஞ்சியிருப்பது சுமார் 2,000 ஹெக்டேர்தான். அதில் பெரும்பகுதி குடும்பங்கள் நடத்தும் சின்னத் தோட்டங்கள்.

தங்குவதற்கு அர்புவா வசதி. லூயி பாஸ்டர் வளர்ந்த ஊர் இது, அவருடைய வீட்டையும் பார்க்கலாம். முதல் நாள் பக்கத்திலிருக்கும் புப்பியானுக்கும் மோன்தினி-லெ-ஆர்சூருக்கும் போய்வாருங்கள். முன்னது பூல்சார் என்ற வெளிர்சிவப்புத் திராட்சைக்குப் பேர்போனது, பின்னது ட்ரூசோ என்ற சிவப்புத் திராட்சைக்கு. இரண்டாம் நாள் குன்றின் மேலிருக்கும் ஷதோ-ஷாலோன், அடிவாரத்தில் வுவாத்தூர், மெனேத்ரு. மூன்றாம் நாள் தெற்கே லெதுவால், ரொத்தாலியே பக்கம். லெதுவால் மண்ணில் நட்சத்திர வடிவப் புதைபடிவத் துணுக்குகள் கிடைக்கும். விரல்நகம் அளவுகூட இருக்காது, மழைக்கு மறுநாள் வரப்போரம் குனிந்து தேடினால் கண்ணில் படும்.

காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, அவ்வளவு போதும். ஒரே நாளில் நான்கு தோட்டம் என்று திட்டம் போட்டால் மூன்றாவதிலேயே நாக்கு மரத்துவிடும்.

கே: நண்பர் ஒருவர் சொல்லாமல் போய், பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினார். முன்கூட்டி எப்படிக் கேட்பது? (சென்னை வாசகி)

சின்னத் தோட்டத்தில் வரவேற்பறை ஆள் என்று தனியாக யாரும் கிடையாது. கொடி வெட்டுகிறவரும், பீப்பாய் கழுவுகிறவரும், உங்களுக்கு ஊற்றித் தருகிறவரும் ஒரே ஆள்தான். அதனால் இரண்டு மூன்று வாரம் முன்பே மின்னஞ்சல் அனுப்புங்கள். நாள், நேரம், எத்தனை பேர், எந்த மொழியில் பேசுவீர்கள், எந்த ஒயினில் ஆர்வம் என்ற ஐந்தும் இருந்தால் போதும். நான்கு வரி பிரெஞ்சில் எழுதினால் பதில் வரும் வாய்ப்பு கூடும். போவதற்கு முந்தைய நாள் தொலைபேசியில் உறுதி செய்துகொள்ளுங்கள். பகல் 12 முதல் 2 வரை சாப்பாட்டு நேரம், அப்போது கூப்பிட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமையையும் தவிர்க்கலாம். செப்டம்பரில் அறுவடை, யாருக்கும் நேரமிருக்காது. மே, ஜூன் நல்ல மாதங்கள்.

"விற்க ஒயின் இல்லை" என்று பதில் வந்தால் மனம் வருந்தாதீர்கள். 2017, 2021, 2024 ஆண்டுகளின் வசந்தகால உறைபனி இளந்துளிர்களைக் கருக்கி, விளைச்சலை வெகுவாகக் குறைத்தது. இருக்கிற பாட்டிலை நெடுநாள் வாடிக்கையாளருக்கே பங்கிட்டுக் கொடுக்க வேண்டிய நிலை அவர்களுக்கு. அப்படிப்பட்ட நாளில் உழவர் கூட்டுறவுகளுக்குப் போகலாம். அங்கே இவற்றை ஃப்ருயித்தியேர் என்பார்கள். அர்புவாவில் இருப்பது 1906இல் தொடங்கியது. கடை நேரத்தில் முன்பதிவு இல்லாமலே சுவைக்கலாம்.

கே: ஜுராவின் மஞ்சள் ஒயினைக் குடித்துப் பார்த்தேன். கெட்டுப்போனது போல ஒரு வாசனை. ஏமாற்றிவிட்டார்களா? (கோவை வாசகர்)

இல்லை. அதன் குணமே அதுதான். இன்னொரு முறை மோந்து பாருங்கள், வறுத்த வெந்தயம் நினைவுக்கு வரும். வெந்தயத்துக்கு அந்த மணத்தைத் தரும் சோட்டோலோன் என்ற பொருள்தான் இதிலும் இருக்கிறது. கூடவே வால்நட் மணமும் வரும். நம் சமையலறையில் வளர்ந்த மூக்குக்கு இது அந்நியமே இல்லை.

இதன் பெயர் வான் ஜோன். சவான்யான் என்ற வெள்ளைத் திராட்சையிலிருந்து மட்டுமே செய்வார்கள். மற்ற ஒயின்களில், பீப்பாயின் மரம் வழியே ஆவியாகிக் குறைந்ததை அவ்வப்போது ஊற்றி நிரப்புவார்கள். இதில் நிரப்பாமல் விட்டுவிடுவார்கள். காலியான இடத்தில், பால் ஆறும்போது ஏடு கட்டுவதுபோல, ஒயினின் மேல் ஈஸ்ட் ஏடு கட்டும். சுருக்கம் விழுந்து, சாம்பல் வெண்மையாக இருக்கும். காற்று நேரடியாகத் தாக்காமல் இந்த ஏடுதான் தடுக்கிறது, மணத்தையும் உண்டாக்குகிறது. அறுவடையிலிருந்து ஆறாம் ஆண்டு டிசம்பர் 15 வரை ஒயின் பீப்பாயிலேயே இருக்க வேண்டும். அதில் குறைந்தது 60 மாதம் ஏட்டின் கீழ். ஒரு லிட்டர் ஊற்றினால் மிஞ்சுவது 62 சென்டிலிட்டர் என்பது அங்குள்ள கணக்கு. க்ளாவ்லான் என்ற குட்டையான பாட்டிலின் கொள்ளளவும் அதுவே.

எல்லாப் பீப்பாயும் தேறாது. ஏடு சரியாகக் கட்டாவிட்டால் ஒயின் வினிகர் பக்கம் போய்விடும். அதனால் ஏட்டைக் குலைக்காமல், பீப்பாயின் முகத்திலுள்ள சின்னக் குழாய் வழியாக மாதிரி எடுத்துச் சோதிப்பார்கள். நிலவறையில் அந்தப் பீப்பாய்கள் மேல் சாயாதீர்கள், தட்டிப் பார்க்காதீர்கள். ஷதோ-ஷாலோன் பெயரில் வான் ஜோன் மட்டுமே விற்கலாம். 1974, 1980, 1984, 2001 ஆகிய ஆண்டுகளில் தரம் போதாதென்று அந்தப் பெயரையே விட்டுக்கொடுத்தார்கள். அந்த நேர்மைக்காகவே அந்தக் குன்றில் ஏறலாம்.

உங்களுக்கு ஒருவேளை இதை முதல் கோப்பையாகக் கொடுத்திருப்பார்கள். ஜுராவில் வரிசை வேறு: முதலில் சிவப்பு, பிறகு நிரப்பி வளர்த்த வெள்ளை (கேட்க வேண்டிய சொல் 'உயியே'), அதன்பின் ஏட்டின் கீழ் வளர்ந்த வெள்ளை ('சு வுவால்'), பிறகு வான் ஜோன், கடைசியில் உலர்ந்த திராட்சையின் இனிப்பான வான் து பாய். சிவப்பை முதலில் ஊற்றினால் தவறு என்று நினைக்க வேண்டாம். அங்கே சிவப்புதான் மென்மை.

கே: சுவைத்துவிட்டுக் கார் ஓட்டலாமா? (திருச்சி வாசகர்)

ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹாலை எட்டினாலே குற்றம். புதிதாக லைசென்ஸ் எடுத்தவர்களுக்கு வரம்பு 0.2. ஓட்டுகிறவர் துப்பியே ஆகவேண்டும், அதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள், யாரும் தவறாக எண்ணமாட்டார்கள். கார் இல்லாதவர்கள் பெசான்சோனிலிருந்து ரயிலில் அர்புவாவுக்கு வரலாம்.

கே: நான் சைவம். சுவைக்கும்போது என்ன சாப்பிடுவது? ஊருக்கு எத்தனை பாட்டில் கொண்டுவரலாம்? (புதுச்சேரி வாசகி)

கோம்தே பாலாடைக்கட்டியைத் தட்டில் நீட்டுவார்கள். அது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டால் உறைய வைத்தது. வேண்டாமென்றால் வால்நட்டும் ரொட்டியும் கேளுங்கள், வான் ஜோனுக்கு வால்நட் அருமையான ஜோடி.

இந்தியாவுக்குள் ஒருவர் வரியின்றிக் கொண்டுவரக்கூடிய மது 2 லிட்டர். 75 சென்டிலிட்டர் பாட்டில் என்றால் இரண்டுதான். க்ளாவ்லான் மூன்று கொண்டுவரலாம், மொத்தம் 1.86 லிட்டர். கைப்பையில் அனுமதியில்லை, ஒவ்வொன்றையும் தடித்த துணியில் சுற்றிப் பெட்டியின் நடுவில் வையுங்கள். திறந்த வான் ஜோன் ஃப்ரிட்ஜில் சில வாரம் கெடாமல் இருக்கும். குடிப்பதற்கு முன் வெளியே எடுத்து வைத்து, 14 முதல் 16 டிகிரிக்கு வந்ததும் ஊற்றுங்கள். நம்மூர் வெயிலில் அரைமணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காதீர்கள்.