நேற்று தெரிந்தது இன்று மறந்துபோகிறது: அது அடமா?

தத்தெடுத்த எட்டு வயது மகனுக்குக் கருவிலேயே மதுவால் பாதிப்பு ஏற்பட்டிருக்கிறது என்கிறார் மருத்துவர், பள்ளியோ பிடிவாதம் என்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிச்சயமாக அடம் இல்லை. மது அவன் மூளை உருவாகும்போதே அதைப் பாதித்திருக்கிறது. நினைவில் வைப்பது, திட்டமிடுவது, 'இதைச் செய்தால் இது நடக்கும்' என்று முன்கூட்டி யோசிப்பது எல்லாம் அவனுக்குக் கடினம். நேற்று சரியாகப் போட்ட கணக்கு இன்று வராது, நாளை திரும்ப வரலாம். பார்ப்பவர்களுக்கு வேண்டுமென்றே செய்வதுபோல் தெரியும். அதனால்தான் தண்டனை பலிப்பதில்லை. எதற்குத் தண்டனை என்பதே அவனுக்குப் பிடிபடாமல் போகலாம்.

1973-இல் இதன் கடுமையான வடிவத்துக்கு 'கருநிலை மது நோய்க்குறித் தொகுப்பு' (Fetal Alcohol Syndrome) என்று பெயர் வைத்தார்கள். மெல்லிய மேலுதடு, சிறிய கண்கள் போன்ற முக அடையாளங்களைப் பலர் தேடுகிறார்கள். ஆனால் கருவில் மதுவால் பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோருக்கு அவை இருக்காது.

பள்ளியோடு பேசும்போது மருத்துவ அறிக்கையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள். அறிவுத்திறன் எண் (IQ) மட்டும் போதாது. அது சராசரியாக இருந்தாலும் அன்றாடத் திறன்கள் பின்தங்கியிருக்கலாம், அதையும் சோதிக்கச் சொல்லுங்கள். ஒரு நேரத்தில் ஒரே கட்டளை, படம் போட்ட கால அட்டவணை, சத்தம் குறைந்த இருக்கை, இவற்றைக் கேளுங்கள். அப்புறம், வீட்டில் அவனை இரண்டு மூன்று வயது சிறியவனாக நினைத்து எதிர்பாருங்கள். பாதிக் கோபம் அங்கேயே குறையும்.

பெற்ற தாயைப் பற்றி அவன் முன்னால் தாழ்வாகப் பேசாதீர்கள். கர்ப்பம் என்று தெரியாமலே குடித்தவர்கள் நிறையப் பேர்.