மகள் கேட்ட கேள்வியை ஏன் தள்ளிவிட்டீர்கள்?

கேள்வி: பதினோராம் வகுப்பு படிக்கும் என் மகள் ஒரு நாவலைப் பற்றி 1,000 சொற்களில் இலக்கியக் கட்டுரை எழுத வேண்டும். ஒப்படைக்க இன்னும் 18 நாள் இருக்கிறது. நாவல் 240 பக்கம். மற்றப் பாடங்களுக்கே நேரம் போதவில்லை என்கிறாள். அதனால் நானே படித்து முழுக் கதையையும் அவளுக்குச் சொல்லிவிட்டேன். அண்ணன் தம்பி இருவர், அப்பாவின் மரணம், பூர்வீக வீட்டை விற்பது என்று போகும் கதை. நடுவில், "அப்பா செத்ததற்கே வராத அண்ணன், வீட்டை விற்கிற அன்றைக்கு மட்டும் ஏன் வந்து வாசலிலேயே நிற்கிறான்?" என்று கேட்டு இழுத்தடித்தாள். அதெல்லாம் கட்டுரைக்கு வேண்டாம் என்று மேலே சொல்லி முடித்தேன். நான்கு நாளாக வெள்ளைத்தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். முன்னுரை வந்துவிட்டால் மீதியை எழுதிவிடுவாள். முதல் பத்தியை மட்டுமாவது எழுதிக் கொடுங்களேன்.
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: எழுதித் தர மாட்டேன் அம்மா. முன்னுரை கிடைத்தாலும் உங்கள் மகளால் இரண்டாவது பத்தியை எழுத முடியாது. அவளிடம் கட்டுரை ஒன்று இருந்தது. அதை வாயை மூடச் சொல்லி அனுப்பிவிட்டீர்கள்.

அண்ணன் ஏன் வாசலிலேயே நிற்கிறான் என்று அவள் கேட்டாளே, அதுதான் கட்டுரை. பள்ளியில் இலக்கியக் கட்டுரை கேட்பதே பிள்ளைகள் இப்படி ஒரு கேள்வியில் தடுக்கி நிற்க வேண்டும் என்பதற்காக. கதை என்ன என்பது ஆசிரியருக்குத் தெரியும். உங்கள் மகள் எந்த இடத்தில் நின்று யோசித்தாள், அதற்குப் புத்தகத்துக்குள்ளிருந்து என்ன ஆதாரம் காட்டுகிறாள் என்பதைத்தான் அவர் பார்ப்பார். புத்தகத்தைத் தொடாமலே அந்த இடத்துக்கு வந்து சேர்ந்த பெண்ணிடம் "வேண்டாம்" என்று சொல்லியிருக்கிறீர்கள். நேரத்தை வீணாக்கியது அவள் இல்லை.

நீங்கள் கதை சொன்னபோது இன்னொன்றும் நடந்தது. நாவலில் இந்தக் கதையைச் சொல்வது யார்? தம்பியா, அல்லது எல்லாம் அறிந்த ஒரு குரலா? கடிதத்தில் நீங்கள் அதைச் சொல்லவில்லை. தம்பி சொல்வதாக இருந்தால், அண்ணனைப் பற்றி நமக்குக் கிடைப்பதெல்லாம் தம்பியின் கோபத்தின் வழியாக வந்தது. அப்போது வாசலில் நிற்கும் அண்ணன் வேறு ஆளாகத் தெரிவான். உங்கள் மகளுக்கு அந்தக் கதைசொல்லி கிடைக்கவே இல்லை. அந்த இடத்தில் நீங்கள் உட்கார்ந்துகொண்டீர்கள். யார் சொல்கிறார், எதை முன்னால் சொல்கிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார், எந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பப் போடுகிறார் என்ற எல்லாமே கதைச்சுருக்கத்தில் உதிர்ந்துபோகும். மதிப்பெண் இருப்பதும் அவற்றில்தான். நான்கு நாளாக அவள் எழுதாமல் இருப்பதற்குக் காரணம் சோம்பல் என்று நினைத்துவிடாதீர்கள். எடுத்து எழுத அவள் கையில் ஒரு வரிகூட இல்லை.

பிள்ளையின் பாரத்தைத் தூக்குவதைப் பாசம் என்று பெற்றவர்கள் நினைக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. பிள்ளை படிக்க ஒரு மணி நேரத்தை வீட்டில் உண்டாக்கிக் கொடுப்பது பெற்றவரின் கடமை. அந்த ஒரு மணி நேரத்தில் படிப்பது பிள்ளையின் கடமை. படிக்காத புத்தகத்தைப் பற்றிய கட்டுரைக்குத் தன் பெயரை எழுதிக் கொடுப்பது பொய். அதை அம்மாவே கூட இருந்து பழக்கக் கூடாது.

18 நாள் தாராளம். நாளுக்கு 30 பக்கம் என்றால் 8 நாளில் நாவல் முடிந்துவிடும். அடுத்த 2 நாள் ஆதாரம் திரட்டி மையக் கருத்தை முடிவுசெய்ய. ஒரு நாள் திட்டம் போட. 3 நாள் முதல் வரைவு. ஒரு நாள் அதைத் தொடாமல் வைக்க வேண்டும். எழுதிய சூட்டில் படித்தால் தப்பு கண்ணில் படாது. 2 நாள் திருத்தம், கடைசி நாள் திருத்தியதைச் சுத்தமாக எழுதி எடுக்க.

படிக்கும்போது அவள் கையில் பென்சில் இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் கோடு போட்டால் ஒன்றுக்கும் உதவாது. அவளுடைய கேள்வியோடு ஒட்டியதை மட்டும் குறிக்கட்டும்: அண்ணன் வரும் இடம், அவன் இல்லாதபோது மற்றவர்கள் அவனைப் பற்றிப் பேசும் இடம், வாசல், கதவு, சாவி என்று வீடு கண்முன் வரும் இடம். ஒவ்வொன்றுக்கும் பக்க எண், நாலைந்து சொல் மேற்கோள், அது ஏன் உறுத்தியது என்று ஒரு வரி. 15 குறிப்பு சேர்ந்தால் கட்டுரைக்கு 6 தேறும். கதை ஏற்கெனவே தெரியும் என்று நடுவில் தாண்டிப் போகக் கூடாது. நீங்கள் சொல்லாமல் விட்டது எது என்று அவளுக்குத் தெரியாது.

பிறகு மையக் கருத்து. "இது அண்ணன் தம்பி பிரிவைப் பற்றிய நாவல்" என்பது வெறும் தலைப்பு. "அண்ணன் வீடு விற்கும் நாளில் வருகிறான்" என்பது தகவல். நாவலைப் படித்த இன்னொருவர் "இல்லை, நான் அப்படி நினைக்கவில்லை" என்று மறுக்க இடம் இருந்தால்தான் அது கருத்து. ஒரு மாதிரிக்குச் சொல்கிறேன்: "அண்ணன் பங்கு கேட்டு வரவில்லை, வீடு கைமாறிவிட்டால் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்க ஓர் இடம் இருக்காது என்பதால் வருகிறான்." இது சரியா என்று எனக்குத் தெரியாது, இதை அவள் எடுத்துக்கொள்ளவும் கூடாது. வாக்கியம் இந்த அளவுக்குத் துணிந்து பேச வேண்டும் என்று காட்டத்தான் சொன்னேன். அவன் பணத்துக்காகத்தான் வந்தான் என்று புத்தகம் காட்டினால் அப்படியே எழுதட்டும்.

திட்டம் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். மேலே மையக் கருத்து. கீழே மூன்று வாதம், ஒவ்வொன்றும் முழு வாக்கியமாக. ஒவ்வொரு வாதத்தின் கீழும் இரண்டு ஆதாரம், பக்க எண்ணோடு. இந்த மூன்றையும் கதை நடக்கும் வரிசையில் அடுக்குவதுதான் மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. அப்படி அடுக்கினால் "அதன் பிறகு", "அப்போது" என்று பத்திகள் தொடங்கும், கட்டுரை கதைச்சுருக்கமாகிவிடும். எளிதில் ஒப்புக்கொள்ளக்கூடிய வாதம் முதலில், கடினமானது கடைசியில். தன் கருத்துக்கு எதிராக நிற்கும் ஒரு ஆதாரத்தை மூன்றாவது பத்தியில் அவளே எடுத்துவைத்துப் பதில் சொன்னால் கட்டுரை நிமிர்ந்து நிற்கும்.

நடுவில் உள்ள மூன்று பத்திகளும் தலா 250 சொல். முன்னுரைக்கும் முடிவுக்கும் சேர்த்து 250 மீதி இருக்கிறது, அது போதும். பத்தியின் முதல் வாக்கியம் வாதத்தைச் சொல்லட்டும். அடுத்து, மேற்கோள் கதையில் எங்கே வருகிறது என்று ஒரே வாக்கியம். பிறகு மேற்கோள், 15 சொல்லுக்குள். அதன் பிறகுதான் வேலையே இருக்கிறது. அந்த வரியில் எந்தச் சொல் கனமாக விழுகிறது, யார் யாரிடம் சொல்கிறார், எதைச் சொல்லாமல் விட்டார் என்ற விளக்கம் மேற்கோளைவிட இரண்டு மூன்று மடங்காவது இருக்க வேண்டும். மேற்கோளைப் போட்டுவிட்டு "இதிலிருந்து தெரிகிறது" என்று அடுத்ததற்குத் தாவினால் ஒன்றும் தெரியாது. பாத்திரம் பேசுவதை "ஆசிரியர் கூறுகிறார்" என்று எழுதுவதும் தவறு. "வருகிறான்" என்று தொடங்கினால் கடைசிவரை "வருகிறான்"தான், நடுவில் "வந்தான்" ஆகக் கூடாது.

முன்னுரையை இந்த மூன்று பத்தியும் முடிந்த பிறகு எழுதட்டும். நாவலின் பெயர், ஆசிரியர் பெயர், அவளை நிறுத்திய கேள்வி, மையக் கருத்து. "இலக்கியம் என்பது வாழ்க்கையின்" என்று தொடங்கும் வாக்கியம் வந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள், எந்த நாவலுக்கும் ஒட்டுகிற வரி இந்த நாவலுக்கு எதற்கு?

திருத்தும் நாளில் இரண்டு நிறப் பென்சில் எடுத்து, கதை சொல்லும் வாக்கியங்களுக்கு ஒன்று, வாதம் செய்யும் வாக்கியங்களுக்கு மற்றது என்று கோடு போடட்டும். கதை நிறம் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் வெட்ட வேண்டும்.

நீங்கள் என்ன செய்யலாம் என்றால், நாவலைப் படித்தவர் என்பதால் நல்ல எதிராளியாக இருக்கலாம். அவள் எதையாவது சொன்னால் "எந்தப் பக்கத்தில்?" என்று கேளுங்கள். "அதை யார் சொல்வது?" என்று கேளுங்கள். "வேறு மாதிரியும் எடுத்துக்கொள்ளலாமே?" என்று மறுத்துப் பாருங்கள். விடையைச் சொல்லாதீர்கள், பேனாவை வாங்காதீர்கள். கடைசி நாளில் அவள் மேற்கோள்களை வாசிக்கட்டும், நீங்கள் புத்தகத்தைத் திறந்து வைத்து எழுத்துக்கு எழுத்துச் சரிபாருங்கள். பிழை தென்பட்டால் பக்க எண்ணைச் சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள், அவள் போய்ப் பார்த்துத் திருத்திக்கொள்வாள்.