கிட்டார் ஏன் 'ஊ' என்கிறது?

கேள்வி: கடையில் கணீரென்று ஒலித்த கிட்டார் வீட்டுக்கு வந்ததும் 'ஊ' என்று முனகுகிறது. வேறு கிட்டாரைக் கட்டிக் கொடுத்துவிட்டார்களா?

பதில்: கிட்டார் மாறவில்லை, வாசிக்கிற கைதான் மாறியிருக்கிறது. ஒரே சுருதியில் 'ஊ', 'ஆ', 'ஈ' என்று பாடிப் பாருங்கள். சுருதி அப்படியே நிற்கும், வாயின் வடிவம் மட்டும் மாறும். அந்த வடிவம் எந்த அதிர்வெண்களைத் தூக்கிவிடுகிறதோ, அதை வைத்தே காது உயிரெழுத்தைப் பிரித்தறிகிறது. 'ஊ'வுக்கு ஏறத்தாழ 300, 800 ஹெர்ட்ஸ். 'ஆ'வுக்கு 700, 1,200. 'ஈ'க்கு 300, அதோடு 2,200-க்கு மேலே ஒன்று. ஆளுக்கு ஆள் கொஞ்சம் முன்பின் இருக்கும்.

கிட்டாரில் இந்த வேலையில் பெரும்பங்கு மீட்டும் இடத்துக்கு. திறந்த கம்பியை 12-வது ஃப்ரெட்டுக்கு நேரே, அதாவது நட்டநடுவில், மீட்டினால் இரட்டைப்படை ஹார்மோனிக்குகள், அதாவது அடிச்சுரத்தின் 2, 4, 6 மடங்கு அதிர்வெண்கள், எழவே எழாது. ஒலி உருண்டு 'ஊ', 'ஓ' பக்கம் சாயும். கம்பிகள் உடலில் வந்து பொருந்தும் பிரிட்ஜை ஒட்டி மீட்டினால் மேல் ஹார்மோனிக்குகள் வலுத்து, மூக்கால் பேசுகிற 'ஈ' வரும். மீட்டப் பிடிக்கும் சிறு தகடான பிக்கின் முனை ஒவ்வொரு சுரத்துக்கும் முன்னால் ஒரு 'ட்' வைக்கும். விரல் சதை அதை மழுக்கிவிடும்.

விற்பனையாளருக்கு இதெல்லாம் அத்துப்படி. பிரிட்ஜ் பக்கம் பிக்கால் வாசித்து மயக்குவார். நீங்கள் 'வார்ம் டோன்' என்ற அட்டையைப் படித்துக்கொண்டு நிற்பீர்கள். என் எரிச்சலெல்லாம் அந்த அட்டை மேல்தான். எங்கே, எதனால் மீட்டிய டோன் என்று அது சொல்கிறதா? அடுத்த முறை நீங்களே ஒரே கம்பியை மூன்று இடங்களில் மீட்டிப் பாருங்கள். குரல் மாறாமல் அடம்பிடிக்கும் கிட்டாரை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: பழைய கிட்டார் மங்கிவிட்டது. புதிது வாங்கலாமா?

பதில்: கம்பியை மாற்றுங்கள். வியர்வையும் அழுக்கும் ஏறிய கம்பியில் மேல் ஹார்மோனிக்குகள்தான் முதலில் சாகும்.

கேள்வி: கிட்டார் பேசும் என்று நம்பி வா-வா பெடல் வாங்கினேன். 'வா'வைத் தவிர ஒரு சொல்லும் வரவில்லை.

பதில்: வராது. அது ஒரே ஒரு ஒலிமுகட்டை, அதாவது தூக்கிவிடப்பட்ட ஒரே அதிர்வெண் பகுதியை, மேலும் கீழும் நகர்த்துகிறது. பேச்சுக்குக் குறைந்தது இரண்டு வேண்டும். சொல் வேண்டுமென்றால் டாக் பாக்ஸ்: குழாய் வழியே ஒலி உங்கள் வாய்க்குள் வரும், வாயசைவு அதை உயிரெழுத்தாக்கும். ஆனால் அதைப் பிடிக்க ஒரு மைக்கும் வேண்டும். பெட்டியில் இருக்கும் என்று நினைத்து வாங்கியவன் நான், இல்லை.

கேள்வி: போனில் டெமோ கேட்டு மூன்றில் ஒன்றை ஆர்டர் செய்தேன். ஏமாற்றம்.

பதில்: வேறென்ன கிடைக்கும்? தடித்த கம்பியின் சுரம் 82 ஹெர்ட்ஸ், கிட்டாரின் உடலுக்குள் இருக்கும் காற்றின் அதிர்வு சுமார் 100. போன் ஸ்பீக்கரில் இரண்டும் அநேகமாகக் கிடையாது.

கேள்வி: 'சாலிட் டாப்', அதாவது மேல்பலகை அடுக்கு ஒட்டாத முழு மரம், என்று விற்றார்கள். பழுதுபார்ப்பவர் பிளைவுட் என்கிறார். கடைக்காரரோ, "காதுக்கு வித்தியாசம் தெரிகிறதா?" என்று கேட்கிறார்.

பதில்: அந்தக் கேள்விக்குப் பதிலே சொல்லாதீர்கள். நீங்கள் காசு கொடுத்தது மரத்துக்கு. மேல்பலகையில் இருக்கும் வட்டத் துளையின் (சவுண்ட் ஹோல்) விளிம்பைப் பாருங்கள்: மேலே தெரியும் மரக்கோடுகள் விளிம்பிலும் தொடர்ந்து இறங்கினால் சாலிட், அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட். அதைப் படமெடுத்து, பில்லையும் விளம்பர வாசகத்தையும் சேர்த்து, பணத்தைத் திருப்பித் தரச்சொல்லி எழுத்தில் கேளுங்கள். அதுவரை கிட்டாரில் எதையும் மாற்ற வேண்டாம், கம்பியைக்கூட.